வீட்டு டச் ஸ்கிரீன் கணினி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

திரைக்குப் பின்னாலேயே கணினி முழுதும் அடங்கிய ஆல்-இன்-ஒன். 21.5 அல்லது 23.8 அங்குலத் தொடுதிரை, பென்டியம் அல்லது ஐ3 ப்ராசசர், 4 அல்லது 8 ஜிபி ரேம், தனியாக ஒரு கறுப்பு அடாப்டர். பிள்ளைகள் படிக்க, கரண்ட் பில் கட்ட, ரயில் டிக்கெட் போட, வெளியூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேச என்று நடுத்தர வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

இதில் டச் நின்றதும் "பேனல் போச்சு, மாத்தணும்" என்ற தீர்ப்புதான் முதலில் வருகிறது. அவசரப்பட வேண்டாம். எர்த் இல்லாத பிளக், விளிம்பில் படிந்த அழுக்கு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று டச்சை அணைத்துவிடும் விண்டோஸ், ஒருமுறை திறந்து மூடியதில் நழுவிய கேபிள். இந்த நான்கையும் பார்த்து முடிக்கும்வரை பேனலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒயர் வைத்த மவுஸ், 8 ஜிபி பென்டிரைவ், மைக்ரோஃபைபர் துணி, கரண்ட் டெஸ்டர், சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வயர்லெஸ் மவுஸை மட்டும் நம்பி இறங்காதீர்கள்; டச்சும் போய், மவுஸ் பேட்டரியும் தீர்ந்தால் கணினியை ஷட் டவுன் செய்யக்கூட வழியிருக்காது.

உங்கள் திரை எந்த வகை?

பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் மூடியால் திரையைத் தொட்டுப் பாருங்கள். ஒன்றும் நடக்காமல், விரலுக்கு மட்டும் அசைந்தால் அது கெப்பாசிடிவ் வகை. செல்போனில் இருப்பதும் இதுவே. இப்போது வருகிற ஆல்-இன்-ஒன்களில் பரவலாக இருப்பதும் இதுவே.

பேனா மூடிக்கும் அசைந்தால் பழைய இரண்டு வகைகளில் ஒன்று. கண்ணாடி சட்டத்தைவிடச் சற்று உள்ளே தாழ்ந்து, நான்கு பக்கமும் வரப்பு கட்டியதுபோல் விளிம்பு எழும்பி நின்றால் அது அகச்சிவப்பு ஒளி வகை. கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒளி படர்ந்து ஓடும். அதை எது மறைத்தாலும் விரல் என்றே கணினி எடுத்துக்கொள்ளும். மெல்லத் தடவினால் அசையாமல் அழுத்தினால் மட்டும் அசைந்தால் ரெசிஸ்டிவ் வகை. 2008-இல் வந்த ஏசூஸ் ஈ டாப்பின் 15.6 அங்குலத் திரை அப்படிப்பட்டது.

கீழே வரும் சில வழிகள் ஒரு வகைக்கு மருந்து, இன்னொரு வகைக்கு விஷம். அதனால் இந்தச் சோதனையை முதலில் முடித்துவிடுங்கள்.

அறிகுறி: சுவிட்ச் போட்டும் உயிரே இல்லை

முதலில் அடாப்டர். சுவரிலிருந்து வரும் ஒயர் அடாப்டருக்குள் நுழையும் இடத்தில் மூன்று துளைப் பிளக் இருக்கும். மேசைக்கடியில் கால் பட்டுப் பட்டு அதுதான் லூசாகும். பிடுங்கி, அழுத்திச் செருகுங்கள். அடாப்டரில் விளக்கு இருந்தால் எரிகிறதா பாருங்கள். கணினியில் செருகியதும் அணைந்து, பிடுங்கினால் மீண்டும் எரிந்தால் உள்ளே போர்டில் ஷார்ட், அல்லது அடாப்டருக்குச் சுமை தாங்கவில்லை. அதே வோல்ட், அதே வாட் உள்ள வேறு அடாப்டரில் ஒருமுறை பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால், அடாப்டர் ஒயரின் கணினியில் செருகும் பின்னின் உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே அளக்கவும். 19 அல்லது 19.5 வோல்ட் என்று அடாப்டரில் அச்சிட்டிருக்கும். அதற்கு ஒரு வோல்ட்டுக்குள் வர வேண்டும். சில அடாப்டர் பின்களின் நடுவே மெல்லிய ஊசி இருக்கும். அது மின்சாரம் தருவதற்கல்ல, அடாப்டர் எத்தனை வாட் என்று கணினிக்குச் சொல்வதற்கு. அந்த ஊசி வளைந்தால் கணினி ஓடும், ஆனால் ப்ராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். பின் பொருந்துகிறதே என்று, 90 வாட் கேட்கும் கணினிக்கு லேப்டாப்பின் 65 வாட் அடாப்டரைப் போடாதீர்கள். ஆன் ஆகும், வேலை கூடியதும் அணையும்.

அடாப்டர் சரி என்றால், அதைப் பிடுங்கிவிட்டு, எல்லா யுஎஸ்பி சாமான்களையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்ததும் பல போர்டுகள் தெளிந்துவிடும். இடி மின்னலுக்கும் வோல்டேஜ் ஏறி இறங்கியதற்கும் பிறகு முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

கரண்ட் போகும்போதெல்லாம் இன்வெர்ட்டர் இருந்தும் கணினி அணைந்து எழுகிறதா? ஆல்-இன்-ஒன்னில் பேட்டரி கிடையாது. பல வீட்டு இன்வெர்ட்டர்களில் முன்னாலோ பின்னாலோ யுபிஎஸ், நார்மல் அல்லது ஈகோ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். நார்மலில் மாறும் நேரம் அதிகம். விளக்குக்கும் விசிறிக்கும் தெரியாது, கணினிக்குத் தெரியும். யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். புது பேட்டரியில் கால் மணி நேரமாவது தாங்கும்.

அறிகுறி: விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு

கணினியின் பக்கவாட்டிலோ அடியிலோ திரையை அணைக்கும் பட்டன் அல்லது எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு மாற்றும் பட்டன் இருக்கிறதா பாருங்கள். தூசி துடைக்கும்போது அதில் கை பட்டிருக்கலாம். அடுத்து, விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும்.

இருட்டறையில் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் கணினி நன்றாக இருக்கிறது, பின்விளக்கு மட்டும் போயிருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் ரேமைச் சந்தேகியுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, பின்மூடியைத் திறந்து, ரேம் சில்லின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் விரித்தால் அது தானாக மேலே எழும்பும். பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதாமல் துணியால் துடைத்து, சாய்வாகச் செருகி, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்துங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பற்களில் ஒட்டும். கடற்கரை ஊர்களில் பச்சை பூப்பது ஏற்கெனவே சீக்கிரம், நாமும் சேர்த்து உதவ வேண்டாம்.

அறிகுறி: டச் அடியோடு வேலை செய்யவில்லை

முதலில் ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து ஆன் செய்வது ரீஸ்டார்ட் ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் தன் உட்பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும். டிரைவர் கோளாறோடு உறங்கினால் கோளாறோடுதான் எழும். ரீஸ்டார்ட்டில் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் அசையாவிட்டால் முழுதாக ஷட் டவுன் செய்து, அடாப்டரைப் பிடுங்கி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்தி, ஒரு நிமிடம் விட்டுச் செருகுங்கள். டச்சைக் கவனிக்கும் சிறு போர்டு கணினிக்குள்ளேயே யுஎஸ்பி வழியாக இணைந்திருப்பது வழக்கம். அடாப்டர் செருகியிருக்கும்வரை அதற்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கலாம். அதனால் ரீஸ்டார்ட்டில் தெளியாத போர்டு, பிடுங்கினால் தெளியும்.

இதன் பிறகும் டச் வராவிட்டால்தான் உள்ளே போக வேண்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் 'பென் அண்ட் டச்' என்ற வரியைப் படியுங்கள். '10 டச் பாயின்ட்ஸ்' என்று இருந்தால் கணினிக்குத் திரை தெரிகிறது. பிழை மென்பொருளிலோ அழுக்கிலோ இருக்க வாய்ப்பு அதிகம். இந்தத் திரைக்கு டச்சே இல்லை என்ற பொருளில் வரி இருந்தால், கணினிக்கு அந்தப் போர்டு கண்ணிலேயே படவில்லை.

அடுத்து விண்டோஸ் கீயோடு எக்ஸ் அழுத்தி, டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' என்ற பிரிவை விரியுங்கள். அதில் 'எச்ஐடி-கம்ப்ளையன்ட் டச் ஸ்கிரீன்' என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

அந்த வரியில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள். குழந்தை இழுக்கிறது என்று அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள். வலது கிளிக், எனேபிள், முடிந்தது.

மஞ்சள் முக்கோணம் இருந்தால் இரட்டை கிளிக் செய்து எண்ணைப் பாருங்கள். கோட் 10 என்றால் டிரைவர் தொடங்க முடியவில்லை. கோட் 43 என்றால் சாதனமே 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்லி விண்டோஸ் நிறுத்தியது. இரண்டுக்கும் ஒரே முதலுதவிதான்: வலது கிளிக்கில் அன்இன்ஸ்டால், பிறகு மேலே ஆக்‌ஷன் மெனுவில் 'ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்'. இதற்கென்று டிரைவர் தேடி இணையத்தில் அலைய வேண்டாம். அதற்கான பொது டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. 'டிரைவர் அப்டேட்டர்' என்று இலவசமாக வருபவற்றை ஏற்றினால் டச் வராது, வேறு வினைகள் வரும். விண்டோஸ் அப்டேட்டில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்', பிறகு கணினி கம்பெனியின் சொந்தத் தளம், இந்த இரண்டு இடம் போதும்.

அந்த வரியே இல்லாவிட்டால் வியூ மெனுவில் 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' போட்டுப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால், முன்பு இருந்தது, இப்போது தொடர்பு அறுந்திருக்கிறது என்று பொருள். சில மாடல்களில் பயாஸுக்குள்ளேயே (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) டச் ஸ்கிரீனை அணைக்கும் தேர்வு உண்டு. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது தீர்ப்புச் சோதனை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச இயங்குதளமான உபுண்டுவை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். ஆன் செய்ததும் அழுத்த வேண்டியது டெல், லெனோவா, ஏசரில் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்9. 'டிரை உபுண்டு' என்பதைத் தேர்ந்தால் டிஸ்க்கில் எதையும் எழுதாமல் ஓடும். அங்கே டச் வேலை செய்தால் கண்ணாடி, கேபிள், போர்டு மூன்றும் நலம். விண்டோஸைச் சரிசெய்தால் போதும். அங்கேயும் இல்லை என்றால் சந்தேகம் வன்பொருள் பக்கம் சாய்கிறது. பேனல் மாற்றச் சொல்லும் எவரிடமும் இந்தச் சோதனையைக் கண்முன்னே செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். அரை மணி நேர வேலை.

வன்பொருள் என்று ஆனபின்னும் கேபிளைப் பார்க்காமல் பேனலைக் குற்றம் சொல்லக் கூடாது. சமீபத்தில் ரேமோ டிஸ்க்கோ மாற்றியிருந்தால் அதுவே முதல் சந்தேகம். கட்டிலில் போர்வையை நான்காக மடித்துப் போட்டு, திரை கீழ்நோக்க மெல்லப் படுக்க வையுங்கள். ஸ்டாண்டைக் கழற்றினால் அதன் அடியில் மறைந்திருக்கும் திருகுகள் தெரியும். மூடியை விளிம்பிலிருந்து பழைய ஏடிஎம் கார்டால் நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பினால் பிளாஸ்டிக் கொக்கி உடையும், சில வேளை கண்ணாடியும் விரிசல் விடும். திரையின் கீழ்விளிம்பு அருகே ஒரு சின்னப் பச்சைப் போர்டு, அதற்கு வரும் மெல்லிய ஒயர்க் கற்றை அல்லது பட்டை கேபிள். அதன் இரு முனைகளையும் எடுத்துச் செருகுங்கள். பட்டை கேபிளை அப்படியே இழுக்காதீர்கள். பிடிப்பானில் நகத்தின் அகலத்துக்கு ஒரு கறுப்பு அல்லது பழுப்புத் தாழ்ப்பாள் இருக்கும். அதை மேலே தூக்கிவிட்டு கேபிளை எடுத்து, நேராக வைத்து, தாழ்ப்பாளை அழுத்தி மூட வேண்டும்.

அறிகுறி: ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் டச் இல்லை, ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது

இது அச்சு அசலாக மின்சாரச் சிக்கனத்தின் வேலை. டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி பிரிவுக்குள் 'யுஎஸ்பி ரூட் ஹப்' ஒவ்வொன்றின் ப்ராப்பர்டீஸையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுங்கள். டச் ஸ்கிரீன் வரியிலும் அந்தத் தாவல் இருந்தால் அங்கேயும் எடுங்கள். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள், 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' தெரிந்தால் டிசேபிள் செய்யுங்கள். மேசைக் கணினி எப்போதும் சுவர் மின்சாரத்தில் இருப்பது. இதனால் கூடும் செலவு மீட்டரில் தெரியாது. பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு அந்த டிக் திரும்ப வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

அறிகுறி: தொடாமலே தொடுகிறது, எழுத்துகள் தானாக விழுகின்றன, ஜன்னல்கள் தானாக மூடுகின்றன

வைரஸ் என்று பயந்து ஃபார்மேட் செய்தவர்கள் ஏராளம். ஃபார்மேட்டுக்குப் பிறகும் அதேபோல் ஆடும். ஏனென்றால் காரணம் பெரும்பாலும் சுவரில் இருக்கிறது.

கெப்பாசிடிவ் திரை உங்கள் விரலால் ஏற்படும் மிகச் சிறிய மின்னேற்ற மாற்றத்தை அளக்கிறது. அடாப்டருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை இரைச்சலை எர்த்துக்குத் தள்ள வேண்டியவை. எர்த் இல்லாவிட்டால் அந்த இரைச்சல் கணினியின் உலோகப் பகுதியிலேயே நிற்கும். பல அடாப்டர்களில் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி, மிகச் சொற்பக் கரண்ட்டோடு, அங்கே மிதக்கும். ஸ்டாண்டில் புறங்கையை உரசினால் எறும்பு ஊர்வதுபோல் சுருக்கென்று இருப்பது அதுதான். இரைச்சல் பெரிதானால் டச் போர்டுக்கு எது விரல், எது இரைச்சல் என்று பிரிக்க முடியாது.

பின்பக்கத் திருகில் டெஸ்டரை வையுங்கள். எரிந்தால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல், எர்த் உறுதியாக உள்ள சாக்கெட்டில் அடாப்டரை நேரடியாகச் செருகிப் பாருங்கள். ஃபிரிட்ஜ் அல்லது வாஷிங் மெஷின் செருகும் சாக்கெட்டுக்கு எர்த் இழுத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். அங்கே டெஸ்டர் அணைந்து டச்சும் அடங்கினால் நோய் பிடிபட்டது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்றாவது துளை இருந்தும் உள்ளே எர்த் ஒயரே இல்லாமல் வருகிறது; திறந்து பார்த்தால் இரண்டே ஒயர் இருக்கும். மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டரை உடனே எடுத்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாக்கெட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் சிறு ஒயரால் இணைத்துவிட்டு "எர்த் கொடுத்தாச்சு" என்று சொல்வதுண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால் கணினியின் உடம்பு முழுதும் 230 வோல்ட் ஏறும். உயிர் போகும். குழி தோண்டிப் போட்ட எர்த்திலிருந்து ஒயர் இழுப்பது மட்டுமே எர்த்.

எர்த் சரியாக இருந்தும் ஆடினால், யுஎஸ்பியில் செருகியவை எல்லாவற்றையும் கழற்றுங்கள், முக்கியமாக சார்ஜில் இருக்கும் போனை. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஆடினால் அது சீரான அலையாக இல்லாமல் சதுரமாக வெட்டி மின்சாரம் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா என்று பாருங்கள். அடாப்டர் ரீங்காரமிடுவதே சாட்சி.

பிறகு சுத்தம். அணைத்து, காய்ந்த துணியால் ஒருமுறை, பிறகு டிஸ்டில்டு வாட்டரிலோ 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலிலோ லேசாக நனைத்த துணியால் ஒருமுறை. திரைமேல் நேராக ஸ்பிரே அடிக்கக் கூடாது. வழியும் சொட்டு கீழ்விளிம்பு இடுக்கில் இறங்கும். டச் கேபிள் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அம்மோனியா கலந்த ஜன்னல் கிளீனர் கண்ணாடியின் மேல்பூச்சை உரித்துவிடும்.

அகச்சிவப்பு வகையில் அழுக்கே முதல் எதிரி. கண்ணாடியும் சட்டமும் சேரும் உள்மூலையைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் நான்கு பக்கமும் துடையுங்கள். நேர் வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். ஆயுத பூஜைக்குச் சட்டத்தின் மேல் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அந்த உள்மூலையில் உதிர்ந்து நின்றால், கணினிக்கு அது எடுக்காத விரல். பொட்டைப் பின்மூடியில், காற்றுத் துளைக்குத் தள்ளி வையுங்கள். பூஜையும் ஆகும், திரையும் பிழைக்கும்.

அறிகுறி: ஓரிடம் தொட்டால் வேறிடம் போகிறது

டிவியையோ இன்னொரு மானிட்டரையோ இணைத்த பிறகா? விண்டோஸ் டச்சை அந்தத் திரைக்குச் சேர்த்துவிட்டது. கண்ட்ரோல் பேனலில் 'டேப்லட் பிசி செட்டிங்ஸ்' திறந்து செட்அப் அழுத்துங்கள். வெள்ளைத் திரையில் ஒரு வரி வரும். அது டிவியில் வந்தால் என்டர், தொடுதிரையில் வந்தால் விரலால் ஒரு தொடல்.

ஒரே திரைதான் என்றால் அங்கேயே ரீசெட் அழுத்துங்கள். கெப்பாசிடிவ் திரையில் காலிப்ரேட் (திரையில் வரும் குறிகளைத் தொட்டு அளவைச் சரிசெய்வது) செய்யவே வேண்டாம். அது ஆலையிலேயே அளந்து வந்தது. பார்வைக் கோணம் மாறி நாம் குறிகளை ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தொட்டால் அந்தப் பிழையையே நிரந்தரமாக்கிவிடுவோம். ரெசிஸ்டிவ், அகச்சிவப்பு வகைகளுக்குக் காலிப்ரேட் தேவை. உட்கார்ந்து பயன்படுத்தும் அதே நிலையில் உட்கார்ந்து செய்யுங்கள்.

அறிகுறி: ஒரு பட்டையில் மட்டும் டச் இல்லை

பெயின்ட்டைத் திறந்து முழுத்திரையாக்குங்கள். விரலால் இடமிருந்து வலம், விரல் அகலம் விட்டு விட்டு, வயலில் உழுவதுபோல் மேலிருந்து கீழ்வரை கோடுகள் போடுங்கள். எல்லாக் கோடும் ஒரே நெடுக்கு வரிசையில் அறுந்தால் கண்ணாடிக்குள் ஓடும் மெல்லிய மின்தடம் ஒன்று செத்துவிட்டது. அறுபடும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் அது இரைச்சலோ ஈரமோ. முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

தடம் செத்தது உறுதி என்றால் இங்கேதான் பேனல் பேச்சு நியாயம். கண்ணாடியும் பேனலும் ஒட்டி வருகிற மாடல்களில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். விலை கேட்டபின் முடிவெடுங்கள். கணினிக்கு ஐந்தாறு வயது ஆகியிருந்தால், டச்சை டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்துவிட்டு மவுஸோடு ஓட்டுவதே நல்ல முடிவு.

அறிகுறி: எதைத் தொட்டாலும் பத்து விநாடி யோசிக்கிறது

இதை டச் கோளாறு என்று நினைப்பவர்கள் பலர். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸில் டிஸ்க்கைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதும் 100 சதவீதத்தில் நின்றால், விரலுக்கும் திரைக்கும் சம்பந்தமில்லை. விலை குறைந்த பழைய மாடல்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். பெரிய கோப்பை வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 100 எம்பி அளவில் தரும் அது, விண்டோஸ் தொடங்கும்போது தேவைப்படும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடி அலையும்போது 1 எம்பிகூடத் தராது. 4 ஜிபி ரேமும் சேர்ந்தால், ரேம் நிறைந்து டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும்; அங்கேதான் கழுத்து நெரிபடுகிறது.

மருந்து: 2.5 அங்குல, 7 மில்லிமீட்டர் கனமுள்ள, 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத டிஸ்க்), கூடவே ரேம் 8 ஜிபி. ப்ராசசர் பழையதே இருந்தாலும் கணினி புதிதாகிவிடும். வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1 ஆஃப் 2 என்றால் ஓரிடம் காலி. 'ஃபார்ம் ஃபேக்டர்' சோடிம் என்றால் மாற்றலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் போர்டில் பற்றவைத்தது, மாற்ற முடியாது. ரேம் வகைகளில் டிடிஆர்3எல்லுக்கு 204 பல், டிடிஆர்4-க்கு 260 பல். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது.

மாற்றும் முன் இரண்டு வேலை. ஒன்று, படங்களையும் கோப்புகளையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுப்பது. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 'காஷன்' என்று மஞ்சள் காட்டினால் இன்றே எடுங்கள், நாளை என்று வைக்காதீர்கள். இரண்டு, டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனாக இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைப்பது. பயாஸைத் தொட்டபின் கணினி அதைக் கேட்கக்கூடும். புது எஸ்எஸ்டியில் அதே பதிப்பு விண்டோஸைப் போட்டால் உரிமம் தானாகவே பிடித்துக்கொள்ளும். அது மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க்கோடு அல்ல.

அறிகுறி: சூடாகி, விசிறி கத்தி, பட்டென்று அணைகிறது

தூசி வராமல் போட்ட பூ வேலை துணி, ஆன் செய்தபின்னும் மேல்பக்கக் காற்றுத் துளையை மூடிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். சுவருக்கும் கணினிக்கும் ஒரு கை அகலம் இடைவெளி வேண்டும். ப்ராசசர் 100 டிகிரியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, அதற்கும் தணியாவிட்டால் அணைந்துவிடும். தன்னைக் காத்துக்கொள்ளும் செயல் அது.

திறந்து பார்த்தால், விசிறிக்கும் செம்பு குழாய் முடியும் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளம்போல் படிந்திருக்கும். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெடும். நம் ஊர் வெதுவெதுப்புக்குப் பல்லியும் எறும்பும் உள்ளே குடியேறும். போர்டில் பல்லி எச்சமோ முட்டை ஓடோ இருந்தால் பல் துலக்கும் மெல்லிய பிரஷ்ஷில் ஐசோப்ரொப்பைல் தொட்டு நீக்கி, முழுதும் காய்ந்தபின் மின்சாரம் கொடுங்கள். நான்கைந்து ஆண்டு ஆகியிருந்தால் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள். ப்ராசசர் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும்.

சில்லறைத் தொல்லைகள்

தேதி தவறுகிறது, எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்கிறது: போர்டில் இருக்கும் சிஆர் 2032 காசு பேட்டரி தீர்ந்தது. 3 வோல்ட் இருக்க வேண்டும்.

வயர்லெஸ் கீபோர்டு எழுத்துகளை விழுங்குகிறது: ரிசீவரை நீல நிற யுஎஸ்பி 3 துளையிலிருந்து எடுத்து, கறுப்பு யுஎஸ்பி 2 துளையில் செருகுங்கள். யுஎஸ்பி 3 வேகமாக ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இரைச்சல் தருகிறது என்பதை இன்டெல்லே 2012-இல் எழுதியிருக்கிறது.

ஒலி இல்லை: டிவி இணைத்த பிறகு ஒலி அங்கே போயிருக்கும். ஸ்பீக்கர் ஐகானில் வெளியீட்டை மாற்றுங்கள்.

எழுதும் இடத்தைத் தொட்டும் திரை விசைப்பலகை எழவில்லை: கீபோர்டு செருகியிருந்தால் எழாதபடிதான் வரும்போதே அமைந்திருக்கும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்க்வேஜ், டைப்பிங், டச் கீபோர்டு என்று போய் 'ஆல்வேஸ்' ஆக்குங்கள். லாங்க்வேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்து தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்தால் பெரியவர்கள் விரலாலேயே தமிழில் எழுதலாம். உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்று பழகச் சுலபம்.

அறிகுறி: 'இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை'

இது பழுதல்ல, ஆனால் இப்போது பல வீடுகளில் வரும் செய்தி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 (கணினியின் பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி) கேட்கிறது, இன்டெல் ப்ராசசர் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ கேட்கிறது. உங்கள் ப்ராசசர் மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் இருந்தபோதும் மறுத்தால், பயாஸில் டிபிஎம் அணைந்திருக்கலாம்; இன்டெல் போர்டுகளில் அது பிடிடி (PTT) என்ற பெயரில் இருக்கும். ஆன் செய்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

உண்மையிலேயே பழைய ப்ராசசர் என்றால், வீட்டுக் கணினிகளுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்து 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம். அதற்குள் உபுண்டுவுக்கு மாற நினைத்தால், டச் சோதனைக்குச் செய்த அதே பென்டிரைவ் போதும்; லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு இலவச இயங்குதளம் வேண்டுமென்றால் பென்டிரைவில் அதை ஏற்றிக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் அழுத்தும் முன் 'டிரை' நிலையிலேயே டச், வைஃபை, கேமரா, ஒலி, உங்கள் பிரின்டர் ஐந்தையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள்.